பாதி மலையிலிருந்து சொன்ன பொய்

இன்றைக்குக் கம்பெனியில் ஓ.டி. இல்லை. ஹாம் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஒரகடம் பக்கத்துக் குன்றுக்குப் போனேன். உச்சியில் நின்று பேசினால்தான் எங்கள் ரேடியோ குழுவில் தூரத்தில் இருப்பவர்களுக்கும் சிக்னல் போகும்.

வெயில் தாங்கவில்லை. பாதி வழியில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துகொண்டு, "உச்சியிலேருந்து பேசறேன்" என்று கூப்பிட்டேன்.

பதில் வந்தது எங்கள் குழுவிலுள்ள ஸ்டெல்லா டீச்சரிடமிருந்து. ரிட்டயர் ஆகி, குன்றுக்கு எதிரே புது பிளாட்டில் வீடு கட்டியிருப்பவர்.

"இருங்க தம்பி, மாடிக்குப் போய் பைனாகுலர்ல பாக்கறேன். கையை ஆட்டுங்க."

கொஞ்ச நேரத்தில் டீச்சர் மூச்சிரைக்கப் பேசினார். "முட்டி வலியோட ஏறிட்டேன். உச்சியில யாரையும் காணோமே?"

"டீச்சர்... பாதியிலதான் இருக்கேன். பொய் சொல்லிட்டேன்."

ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரில் ஒருத்தர் சத்தமாகச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"சரி, ஏறுங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

ஓட்டமும் நடையுமாக ஏறி, உச்சியில் துண்டை வீசினேன்.

"ஆங், இப்பத் தெரியுறீங்க தம்பி!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். இன்னொரு தடவையும் துண்டை வீசினேன்.

அந்த நாலு பேரும் இங்கேதான் இருக்கிறீர்கள். திட்டுவதை கமெண்ட்டில் திட்டுங்கள். டீச்சர் ஃபேஸ்புக்கில் இல்லை.