நகர்ந்து வந்த சுவர்

பச்சைத் தொப்பி போட்டிருந்தவள் வேகத்தில் தோற்கவில்லை, கையில் தோற்றாள். உலக நாடுகளின் பெண்கள் கலந்துகொண்ட நீச்சல் போட்டி அது. குளத்தின் நீளத்தை நான்கு முறை தவளை போலக் காலை விரித்து விரித்துக் கடக்க வேண்டும். அவள் இரண்டாவதாக வந்தாள். வந்து தொப்பியைக் கழற்றிச் சிரித்துக்கூட விட்டாள். பிறகுதான் வெள்ளைச் சட்டை போட்ட நடுவர்கள் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தார்கள். கடைசித் திருப்பத்தில் ஒரு கை முந்தியும் மறு கை பிந்தியும் சுவரில் பட்டுவிட்டதாம்.

தொலைக்காட்சியின் சிங்கள வர்ணனையை எனக்குத் தமிழில் சொன்னவள் சித்தி. அம்மாவின் தங்கை. அப்போது கல்யாணமாகாமல் குருவிட்டப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயக் காம்பராவிலேயே இருந்தாள். டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை.

"ரெண்டு கையும் ஒண்ணா தொடணும். இல்லாட்டி செல்லாது."

"ஒரு கை முன்னால பட்டா என்னா சித்தி? அதுவும் அவ கைதானே?"

"அதப் போயி அந்த வெள்ளச் சட்டக்காரங்கிட்ட கேளு."

இன்னொன்றும் கேட்டேன். ஏன் இவர்கள் இத்தனை சீக்கிரம் சுவருக்கு வந்துவிடுகிறார்கள்? இது சின்னக் குளத்துப் போட்டி, பெரிய குளம் இதைப்போல் இரண்டு மடங்கு, அதனால்தான் இங்கே சுவர் சீக்கிரம் வருகிறது என்றாள் சித்தி.

ஒன்பது வயதில் எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம் ஒரு கடிதம். பள்ளிக்கூடத்து விளையாட்டு மிஸ் ஐந்து பிள்ளைகளைத் தெரிவு செய்திருந்தார். விடுமுறையில் இரத்தினபுரி நீச்சல் குளத்தில் பயிற்சி. பெற்றோரின் கையெழுத்து வேண்டும். அப்பா கொழும்பில் வேலை, மாதம் ஒரு முறைதான் வருவார். எனவே அம்மாதான் வைக்க வேண்டும். அம்மா அந்தக் கடிதத்தைச் சீனி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு, அப்படி ஒன்று வீட்டுக்கு வராததுபோல் நடந்துகொண்டாள்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரை நம்ப முடியாது என்பது அவள் கட்சி. ஆற்றோரமெல்லாம் மாணிக்கக்கல் தேடித் தோண்டிவிட்ட பழைய குழிகள். நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று ஆளை விழுங்கும். குளத்தில் குழி கிடையாது, அடி முழுக்க ஓடு பதித்திருக்கும் என்று சித்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அரிசி கழுவிக்கொண்டிருந்த அம்மா கடைசியில் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"ஆத்துல பெரிய பாறையில இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் நீந்திக் காட்டட்டும். சனிக்கெழம. வைக்கிறேன் கையெழுத்து."

என்னால் முடியாது என்று நினைத்துத்தான் சொன்னாள் என்று பல வருடம் நம்பியிருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

அந்த ஒரு வாரமும் சித்தி என்னை வாங்குப் பலகையில் குப்புறப் படுக்கவைத்துக் காலை மடக்கி விரித்தாள். மாலையில் ஆற்றுக்குக் கூட்டிப்போனாள். ஆற்றில்தான் சிக்கல். பெண்கள் உள்பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டுதான் குளிப்போம். நனைந்த பாவாடையை விரித்துத் தண்ணீரில் ஓங்கி அடித்தால் உள்ளே காற்றுப் பிடித்துப் பூசணிக்காய்போல உப்பும். அதன்மேல் சாய்ந்து மிதக்க எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாவாடையோடு தவளைபோல் உதைக்க முடியுமா? கால் சிக்கியது. காற்று பின்பக்கமாக ஏறி என்னைத் தலைகீழாகக் கவிழ்த்தது.

"பி.டி. கால்சட்டய போட்டுக்கட்டுமே அக்கா," என்றாள் சித்தி.

"ஆம்பளைங்க போற வார பாதையிலயா? நல்லா இருக்கு."

சனிக்கிழமை அம்மாவே அதற்கு வழி செய்தாள். பாவாடையின் முன்பக்கத்தைக் கால்களுக்கிடையே விட்டு, பின்னால் இழுத்து, இடுப்பில் கயிறு சுற்றி இறுக்கிச் செருகினாள். மூச்சு முட்டியது.

அடுத்து, அந்தப் பக்கம் தொடுவதற்குச் சுவர் இல்லை. கரை மணலாகச் சரிந்து ஏறும். கைக்கு முன்பே கால் தட்டிவிடும். சுவர் இல்லாமல் என்ன பந்தயம் என்று நான் அழ ஆரம்பித்தேன்.

"நான் நிக்கிறேன் சுவரா," என்றாள் அம்மா.

"ஐயோ அக்கா, நீ கரையில நில்லு. நான் நிக்கிறேன்."

"நீ அவ பக்கத்துலயே நீந்து. பேசாத."

பாலத்தால் சுற்றி அந்தப் பக்கம் போய், துவாயைக் கரையில் வைத்துவிட்டு, புடவையோடு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் எனக்கு முகம் காட்டி நின்றாள். பாறையிலிருந்து அவள் நின்ற இடம் மூன்று லயக் காம்பரா நீளம் இருக்கும். துணி துவைத்துக்கொண்டிருந்த சிங்கள அம்மா ஒருவர், வேலையை நிறுத்திவிட்டு, "ஹெமின் துவே, ஹெமின்!" என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பந்தயத்தில் போய் மெதுவாகவா என்று எனக்குக் கோபம்.

பாதி தூரத்தில் கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் வயிற்றைத் தொட்டது. கால் ஒழுங்கு தப்பியது. ஒரு வாய் குடித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது சுவர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. தண்ணீர் அம்மாவின் நெஞ்சுக்கு ஏறியிருந்தது. அடுத்த தடவை நிமிர்ந்தபோது கழுத்துக்கு. இரண்டு கையையும் ஒன்றாக அவள் தோளில் வைத்தேன்.

"நடந்து வந்துட்டீங்க! செல்லாது!" என்று கத்தினேன்.

சித்தி சிரித்தாள். "சின்னக் குளத்துல சுவரு சீக்கிரம்தாண்டி வரும்."

"சுவரு நடக்காது சித்தி!"

"சரிம்மா, தொட்டுட்டல்ல," என்றாள் அம்மா. "கையெழுத்து வைக்கிறேன். வா, ஏறு."

அதோடு விட்டிருக்கலாம். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் பச்சைத் தொப்பிக்காரி என் கண் முன்னால் வந்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதானே இருந்தாள், பெயரை எடுப்பதற்கு முன்னால்?

"மறுபடி நீந்துறேன். நீங்க நின்ன எடத்துலயே நிக்கணும். ஒரு அடி நகரக் கூடாது."

அம்மா பழைய இடத்துக்கே நடந்து போய் நின்றாள். "சரி, போ," என்றாள்.

இரண்டாவது முறை அதே இடத்தில், குளிர்ந்த தண்ணீருக்கு மேல், முழுதாக ஒரு தடவை உள்ளே போய் வந்தேன். சித்தியின் கை பக்கத்தில் வந்ததும் தட்டிவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்ததும் முதலில் பார்த்தது, அம்மா நகர்ந்திருக்கிறாளா என்று. நகரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்ற இடத்திலேயே நின்றாள். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தாள். நான் போய் அவள் வயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் ஒரே நேரத்தில் பதித்தேன்.

இரத்தினபுரிக்குப் போனேன். பெரிய நீச்சல்காரி ஆகவில்லை. மாகாணப் போட்டியில் ஒரு முறை நான்காவதாக வந்தேன். ஆனால் என் கை ஒருநாளும் முன்பின்னாகப் பட்டதில்லை.

இப்போது என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து அதேபோல் ஒரு கடிதம் வந்திருக்கிறது. மூன்று நாளாக நானும் அதைச் சமையலறையில்தான் வைத்திருக்கிறேன். குளத்தின் ஆழத்தைக் கேட்டு மிஸ்ஸுக்கு இரண்டு முறை அழைப்பெடுத்துவிட்டேன். மூன்றாவது முறை எடுக்க வெட்கமாக இருந்ததால் அம்மாவுக்கு எடுத்தேன்.

"உங்களுக்குத்தான் நீச்சலே தெரியாதேம்மா. அன்னைக்கு எப்புடி கழுத்துத் தண்ணி வரைக்கும் வந்தீங்க?"

"வந்தேனா?" என்றாள். "அது ஞாபகம் இல்ல. ரெண்டாவது வாட்டி நின்னதுதான் ஞாபகம் இருக்கு."

எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. நான் தொட்டபோது அம்மாவின் உடம்பு முழுக்க நடுங்கியது. பல் அடித்துக்கொண்டது. பாவம், ரொம்ப நேரம் தண்ணீரில் நின்றதில் அவளுக்குக் குளிர் எடுத்துவிட்டது என்று நினைத்தேன். "சித்தி, அம்மாவுக்குக் குளிருது, துவாய் குடுங்க!" என்று கத்திவிட்டு, நானே எடுத்துவரக் கரை மணலில் ஏறி ஓடினேன். கால் வைக்க முடியாதபடி வெயிலில் மணல் சுட்டதால் நுனிவிரலில் துள்ளித் துள்ளித்தான் ஓட முடிந்தது.