ஒன்பதில் வைத்த ஸ்கோப்

தொண்ணூறுகளில் நானும் என்னோடு வேலை செய்த சிவம் அண்ணையும் ஆக்லாந்துக்குத் தெற்கே மலைக்காட்டுக்கு ஆடு வேட்டைக்குப் போவோம். "காட்டுக்குள்ள ஸ்கோப்பை மூண்டில வை தம்பி. கூடப் பெருப்பிச்சா ஒண்டும் விளங்காது," என்பார், துப்பாக்கி மேல் பொருத்திய தொலைநோக்கியைக் காட்டி. பெரிதாகத் தெரிந்தால் குறி தப்பாது என்று நினைத்த நான், ஒருநாள் அவர் ஓடைப் பக்கம் போனதும் உருப்பெருக்கத்தை ஒன்பதுக்குத் திருப்பினேன்.

சற்று நேரத்தில் எதிர்ச்சரிவில் பற்றைப் புதருக்குள் ஏதோ அசைந்தது. ஸ்கோப் வட்டம் முழுக்க மண்ணிற மயிர். ஆடுதான் என்று விசையில் விரலை வைத்தேன். தலை எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியவில்லை. அதைப் பார்க்கத்தான் மூன்றுக்குக் குறைத்தேன்.

மண்ணிறக் கம்பளிச் சட்டையோடு குனிந்திருந்து, சிவம் அண்ணை சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டாவைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். திரும்பும்போது காரில் எல்லாவற்றையும் சொன்னேன். கார் பக்குரங்காவில் அவர் வீட்டு வாசலில் நின்றது. இறங்கும்போதுதான், "என்ர மனுசிக்குச் சொல்லிப்போடாதை," என்றார்.

அடுத்த வாரம் அவர் வீட்டில் அவர் மனைவி, அந்த அக்கா, "வடிவாச் சாப்பிடுங்கோ," என்று எனக்குச் சோறு போட்டபோது, அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

துவக்கை விற்றுவிட்டேன். விரலை வைத்த அந்த நொடியில் எனக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் பயம் வருகிறது.