நான் தளர்த்திய பட்டி

போன செவ்வாய்க்கிழமை நானுஓயா தபால் பெட்டிக்கு முன்னால் மூன்று தடவை போய் நின்றேன். மூன்று தடவையும் திரும்பி வந்தேன்.

கோட்டுப் பைக்குள் ஒரு கவர். என் மகளின் வேலை விண்ணப்பம். ஹட்டனில் ஒரு தனியார் பாடசாலை அலுவலகத்தில் கிளார்க் வேலை. முத்திரை ஒட்டியாயிற்று; பெட்டிக்குள் போட வேண்டியதுதான் பாக்கி. கை பைக்குள் போகிறது... கவரைத் தொடுகிறது... வெறுமனே வெளியே வருகிறது.

தூறல் வேறு. குடையை விரிப்பதா மடக்குவதா என்றுகூட முடிவெடுக்க முடியவில்லை. ஸ்டேஷன் வரை நடந்தேன். எங்கும் போகாதவனுக்கு ஸ்டேஷனில் என்ன வேலை? ஒரு ரயில் வந்தது, போனது. நானும் வீட்டுக்குப் போனேன்.

"என்னங்க இது, பெரட்டுக்கு லேட்டான ஆளு மாதிரி காலையிலேர்ந்து ஓடிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் மனைவி. தோட்டத்தில் பிறந்தவள். காலையில் பேர் கூப்பிடும் அந்தப் பெரட்டை விட்டால் அவளுக்கு வேறு உவமை வராது.

கவரை ஏன் போடவில்லை? சொல்கிறேன். வாராவாரம் பத்திரிகையில் இந்த இடத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன், ஒரு வாரமாவது என் புத்தி எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டாமா?

மகளுக்கு முப்பத்தொரு வயது. ஹோட்டல் வேலைக்கென்று கற்பிட்டிக்குப் போனவள், அங்கே கைட் போர்டிங் பழகி, இப்போது மற்றவர்களுக்குப் பழக்குகிறாள். பெரிய பட்டம் ஒன்று காற்றில் இழுக்க, பலகையில் நின்றபடி கடலில் சீறிக்கொண்டு போவது. தேயிலை மலையில் பிறந்த பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை என்று நான் கேட்காத விடுமுறை கிடையாது.

சித்திரைக்கு வந்தபோது ஒரு பலகையோடு வந்தாள். 'டிரெக்‌ஷனல் போர்டு' என்றாள். மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் என்று முன்பின் தெரிந்த பலகை. கால் நுழைக்க மூன்று பட்டிகள். ஹாலில் பாயை விரித்து, பலகையை வைத்து, பட்டிகளை அவளே பூட்டினாள். வெறுங்காலை நுழைத்து, எடுத்து, மறுபடி நுழைத்து... அரை நாள் அதே வேலை.

"சிமெந்துல வெறுங்காலோட நிக்காதேம்மா, சளி பிடிக்கும். மேஸைப் போடு" என்றேன். மேஸ் என்றால் எங்கள் பக்கம் காலுறை.

"மேஸ் போட்டுக்கிட்டா கடல்ல எறங்குறாங்க? அளவு தப்பிரும்ப்பா. இங்க பாருங்க, விரல் அஞ்சும் பட்டிக்கு இந்தப் பக்கம் தெரியணும், அவ்வளவுதான். இறுக்கமா இருந்தா விழும்போது கால் கழண்டு வராது. லூஸா இருந்தா கணுக்கால் வரைக்கும் உள்ள போயிரும். அப்ப போர்டு திரும்பினா காலையும் சேர்த்துத் திருகிரும். நிக்கும்போது பிடிக்கணும், விழும்போது விடணும்."

முப்பது வருடம் விஞ்ஞானம் கற்பித்தவன் அல்லவா? எல்லாம் புரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

மறுநாள் அம்மாவும் மகளும் சாமான் வாங்க ஹட்டனுக்குப் போனார்கள். ஹாலில் நானும் பலகையும் மட்டும். சும்மா இருந்தேனா? ஏறி நின்றேன்!

என் காலில் கம்பளிக் காலுறை. எங்கள் குளிரில் அது இரண்டாவது தோல் மாதிரி, போட்டிருப்பதே நினைவிருக்காது. பாதம் பாதிகூட நுழையவில்லை. இவ்வளவு இறுக்கமாகவா வைப்பாள்? விழுந்தால் கழன்று வராதே என்று பயந்தேன். அவள் கால் என் காலைவிடச் சின்னது என்பதுகூடத் தோன்றவில்லை. பட்டியின் மேலுறையைத் திறந்து, உள்ளே இருந்த வெல்க்ரோவைப் பிரித்து, மூன்று பட்டிகளையும் ஒரு விரல் அகலம் தளர்த்தி ஒட்டினேன். மேலுறையை மூடினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள் என்று தெரியும்.

சீசன் தொடங்கிய முதல் நாளே விழுந்தாள். முன் கால் பட்டிக்குள் கணுக்கால் வரை போயிருந்தது. அலை பலகையைப் புரட்டியது. கால் வெளியே வரவில்லை. கணுக்காலில் சவ்வு கிழிந்துவிட்டது.

"என் தப்புதான்ப்பா" என்றாள் போனில். "அளவைக் கோட்டை விட்டுட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ம்."

அவ்வளவுதான் சொன்னேன்.

பலகையோடு வீடு வந்தவள், மூன்று வாரமாக ஊன்றுகோலோடு நடக்கிறாள். "தண்ணில எறங்குறதுக்கு முன்னாடி பட்டியைப் பாருங்கன்னு தினம் நாலு பேருக்குச் சொல்றவ நான். வீட்ல அளந்ததுதானேன்னு நானே பாக்காம எறங்கிட்டேன். அளந்ததும் தப்பு. இனி யாரு காலை நம்பி என்கிட்ட விடுவாங்க?" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காலையில், "அந்த ஹட்டன் வேலைக்கு எழுதிப் போடுறேன்ப்பா" என்றாள்.

எத்தனை வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை! சந்தோஷப்பட்டேன். மறைப்பானேன்... நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். பட்டியைத் தளர்த்தியது மடத்தனம். 'ம்' என்றது கோழைத்தனம். இந்தச் சந்தோஷத்துக்கு என்ன பெயர் வைப்பது? அதுதான் என்னைத் தபால் பெட்டிக்கும் ஸ்டேஷனுக்குமாக அலையவிட்டது.

நாலாவது தடவை கிளம்பக் குடையை எடுத்தேன். வைத்தேன். மகள் முன்னால் போய் நின்று, நின்றபடியே சொல்லி முடித்தேன்.

அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"எவ்வளவு தளத்துனீங்க?"

"ஒரு விரல்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"மூணு வாரமா நான் அளந்து அளந்து பாத்து மண்டையைக் குழப்பிக்கிட்டு இருக்கேன். பக்கத்துல உக்காந்து டீ குடிச்சீங்களேப்பா!" என்றாள். "பாக்காம எறங்கினது என் தப்பு. அதை நீங்க எடுத்துக்க வேணாம். ஆனா, எனக்கு அளவே தெரியலன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேனே... அது?"

 

"நல்லா கேளுடி" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. "எனக்குக்கூட சொல்லல மனுஷன்."

"கவரைப் போட்டாச்சா?" என்றாள் மகள். எடுத்துக் கொடுத்தேன்; தூறலில் ஓரம் நனைந்திருந்தது. "போர்டை இழுத்துப் போடுங்க. திருப்புளியையும் எடுங்க. அம்மா, நீ இங்க வந்து நில்லு. இந்தாளை நம்ப முடியாது."

ஸ்டூலில் உட்கார்ந்து, காயம்படாத காலைப் பட்டிக்குள் நுழைத்தாள். அவள் சொல்லச் சொல்ல வெல்க்ரோவை இறுக்கினேன். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... நிப்பாட்டுங்க." ஐந்து விரல்களும் வெளியே தெரிந்தன. ஒவ்வொரு திருகாணியையும் அசைத்துப் பார்க்கச் சொன்னாள். பிறகு பேனாவை எடுத்து, ஒவ்வொரு பட்டியின் அளவையும் எழுதினாள். எதில்? அந்தக் கவரின் முதுகில். முத்திரைக்கு நேர் பின்னால்.

"ஆறு வாரம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கரைக்குப் போனதும் மறுபடி பாப்பேன்" என்று கவரை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். "எழுதுங்க, என் பேரைப் போடாதீங்க" என்றாள்.

சிமெந்துத் தரை ஐஸ் மாதிரி இருந்தது. அவள் கால் வெறுங்காலாக இருந்தது. 'மேஸைப் போடும்மா' என்ற வார்த்தை வாய் வரை வந்தது.

விழுங்கிவிட்டேன். பழக்கமில்லை பாருங்கள், தொண்டையில் கொஞ்சம் சிக்கியது.