வளைவில் தொங்கிய படங்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்து வழியாகப் போகும் தார் ரோட்டில் ஒரு காலத்தில் கார் ரேஸ் நடந்தது. நுவரெலியாவுக்கு வருகிறவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், அந்தக் கதையைச் சொல்வதுதான் என் பிழைப்பு.

அன்று கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ரேஸுக்கு முந்தின நாள்கள்ல கார்க பழகி ஓடும், ஆனா ரோட்ட மூட மாட்டாங்க. கொழுந்து மூட்டையோட ரோட்ட கடக்கிற பொம்பளைங்க, நனையாம இருக்க இடுப்புல கட்டியிருக்க படங்க அவுத்து இந்த வளைவுல ஒரு கிளையில தொங்கவிடுவாங்க. அதப் பாத்தா ரேஸ்காரங்களே மெதுவா போவாங்க."

ரேஸ்காரர்கள் எப்படி ஓட்டினார்கள் என்று காட்ட, பேசிக்கொண்டே வேகத்தைக் கூட்டினேன். வளைவில் ஒரு மஞ்சள் படங்கு தொங்கியது. மழையில் நனைந்ததைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

திரும்பியதும் ரோடு நிறையப் பெண்கள், தலையில் மூட்டைகளோடு. பிரேக்கை மிதித்தேன். ஈர ரோட்டில் வேன் வழுக்கிக்கொண்டே போய், ஓரத்து மழைநீர்க் கானில் சக்கரம் இறங்கி நின்றது. யார் மேலும் படவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். அந்த மலையில்தான் அன்று அம்மாவுக்கும் வேலை. ஒவ்வொரு முகமாகத் தேடினேன்.

அம்மா கடைசியில் நின்றிருந்தார்.

"ரேஸோட அந்தப் பழக்கமும் முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேம்மா."

"ரேஸத்தான நிப்பாட்டுனாங்க. நாங்க ரோட்ட கடந்துக்கிட்டுத்தான இருக்கோம்."

பிறகு வளைவுக்கு நடந்து போய், அந்த மஞ்சள் படங்கை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

இப்போதும் கதை சொல்கிறேன். அந்த வளைவு வரும்போது மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது, கண் கிளையைத் தேடுகிறது.