கிளறக் கூடாத மிட்டாய்

சாக்லேட் ஃபட்ஜ் என்ற மிட்டாய் செய்வதில் ஒரே ஒரு கஷ்டம்தான். இறக்கி வைத்த பிறகு, அது ஆறும்வரை கிளறக் கூடாது. இதை நம் ஊரில் யாரிடம் சொன்னாலும் காதில் ஏறாது. சர்க்கரைப் பாகு எதிரில் இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நம் பெண்களுக்கு வரவே வராது. அதற்காக ஒரு வாரம் நான் கரடியாய்க் கத்தினேன்.

உலக யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. மயிலாப்பூரில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் கல்லூரி விடுதி. இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம். என் அறைத்தோழி வேலூர்க்காரி, கெமிஸ்ட்ரியில் புலி. எங்களோடு ஒட்டிக்கொண்டிருந்த இன்னொருத்தி உள்ளூர் மயிலாப்பூர்க்காரி. அவள் வீடு மாட வீதியில் இருந்ததே தவிர, அவள் இருந்தது எங்கள் அறையில்தான்.

தை பிறந்ததும் வேலூரிலிருந்து தகவல் வந்தது. தியாகராய நகரில் மாப்பிள்ளை முடிவாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து பெண்ணை அழைத்துப் போவார். பரீட்சையோ மார்ச்சில். அதுவரை விட்டுவைத்தால் பெண் பாஸ் செய்துவிடுவாள், இல்லாவிட்டால் படித்ததெல்லாம் பாழ். வார்டன் எழுதிப் பார்த்தார், பதிலே இல்லை. வேலூர்க்காரியானால் அழவும் இல்லை, சண்டையும் போடவில்லை. பேசாமல் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மயிலாப்பூர்க்காரிக்கு ஒரு யோசனை உதித்தது. "உங்கப்பாவுக்குத் தித்திப்புன்னா உசிராச்சே! வர்றச்சே நல்லதா ஒண்ணைப் பண்ணிக் கையில குடுப்போம். தின்னுண்டிருக்கறப்போ மார்ச் வரைக்கும் விடுங்கோன்னு கேட்டுடலாம். வாயில தித்திப்பை வெச்சுண்டு யாராவது மாட்டேன்னு சொல்லுவாளா?"

லட்டும் ஜாங்கிரியும் அவர் வேலூரிலேயே தின்பவர். அதனால் ஃபட்ஜ் என்று முடிவாயிற்று. எங்கள் இங்கிலீஷ் டீச்சர் அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர். அங்கே பெண்கள் கல்லூரி விடுதிகளில்தான் அந்த மிட்டாய் பேர் வாங்கியது என்பார். வேறு எதற்கோ பாகு வைத்தபோது பதம் தவறிப் பிறந்தது என்றும் ஒரு கதை உண்டாம். செய்முறையைச் சொல்லி, தன்னிடமிருந்த கொக்கோ டின்னையும் கொடுத்தார். சர்க்கரை, மயிலாப்பூர்க்காரியின் வீட்டு ரேஷனிலிருந்து வந்தது. சர்க்கரை அவளுடையது என்பதால் கரண்டியும் அவளுடையது என்று நினைத்துவிட்டாள். வந்தது வினை.

முதலில் ஒத்திகையாகக் கொஞ்சம் செய்தோம். பால், சர்க்கரை, கொக்கோ மூன்றையும் கொதிக்கவிட்டு, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்தேன். மெத்தென்று உருண்டது. இறக்கி, வெண்ணெயை மேலே போட்டுவிட்டு, தட்டு எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான். அவள் கரண்டியை உள்ளே விட்டுத் திரட்டுப்பால் கிண்டுவதுபோல் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சும்மா விட்டா அடிப்பிடிச்சுடாதோ?"

"அடுப்பிலேயே இல்லையேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். போதாக்குறைக்கு ஏலக்காய்ப் பொடியும் போட்டிருந்தாள். தின்றால் பல்லில் மணலாய்க் கடிபட்டது. விடுதிச் சமையல் ஆயா எட்டிப் பார்த்து, "இன்னாமா, தீஞ்சி பூடுச்சா? இம்மாங் கருப்பா கீது?" என்று தன் பங்குக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலூர்க்காரி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது.

"சூடா இருக்கிறப்போ கலக்கினா சர்க்கரை பெரிசு பெரிசாப் படிகமாயிடும். ஆறவிட்டு அடிச்சா பொடிப்பொடியாத்தான் படியும், நாக்குக்கே தெரியாது. பாத்திரத்தோட ஓரத்துல ஒட்டியிருக்கிற ஒரு குருணை உள்ளே விழுந்தாலும் போச்சு. ஞாயித்துக்கிழமை யாரும் தொடக் கூடாது. நான் நின்னு பார்த்துக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை அப்படியேதான் நின்றாள். நான் காய்ச்சி இறக்கினேன். பித்தளைப் பாத்திரம் கனமானது, ஆறுவேனா என்றது. அவள் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதும், "இன்னும் இல்ல" என்பதுமாக இருந்தாள். அந்த நேரம் பார்த்து, மாலை வர வேண்டிய மனிதர் மூன்று மணிக்கே வந்து விருந்தினர் அறையில் உட்கார்ந்துவிட்டார். மயிலாப்பூர்க்காரி வாசலுக்கும் அடுப்படிக்கும் நாலு நடை நடந்தாள்.

"மாமா வந்தாச்சுடி! ஒரு கிண்டு கிண்டிக் கொட்டிடலாமே!"

"இன்னும் இல்ல."

"கடியாரத்தைப் பார்க்கறார்டி!"

"பார்க்கட்டும்."

எனக்கே பொறுக்கவில்லை. பிறந்ததிலிருந்து அப்பாவை ஒரு நிமிஷம் காக்கவைத்திராத பெண், பாகு ஆறவில்லை என்று அவரைக் காக்கவைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் "சரி" என்றாள். நான் தோள் கழன்றுபோகும்வரை அடித்தேன். பளபளப்பு அடங்கிக் கெட்டியானதும் தட்டில் கொட்டிச் சமப்படுத்தினேன். வெட்டினால் கத்தியோடு ஒட்டாமல் வந்தது. இன்றுவரை நான் அத்தனை வழவழப்பாக ஒரு ஃபட்ஜ் செய்ததில்லை.

அவள் அப்பா ஒன்று எடுத்தார். கண்ணை மூடினார். இன்னொன்று எடுத்தார். "என்னாம்மா இது, வாயில போட்டா வெண்ணெயாட்டம் கரையுது! யார் செஞ்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மயிலாப்பூர்க்காரி முந்திக்கொண்டாள். "எல்லாம் இவதான் மாமா! எங்களைக் கிட்டக்கூட விடலை!" நல்லது செய்வதாக அவளுக்கு நினைப்பு. பெண் கெட்டிக்காரி என்று தெரிந்தால் அப்பா மனசு இளகும் என்று கணக்குப் போட்டுவிட்டாள். அவளை அங்கேயே ஒரு கிள்ளு கிள்ளியிருக்க வேண்டும்.

அவர் மகளைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நிம்மதி. "மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, பொண்ணுக்கு அடுப்படி தெரியுமான்னு. நீதான் எப்பவும் புஸ்தகமும் கையுமா இருக்கியே. என்னா பதில் சொல்றதுன்னு தெரியாம, பரீட்சை முடியட்டும், அதுக்குள்ள அம்மாகிட்ட ஏதாவது கத்துக்கட்டும்னு சொல்லித் தள்ளிப்போடலாமான்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். இனிமே என்னாத்துக்கு?"

மயிலாப்பூர்க்காரியின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக் கடலில் எறியலாம்போல் இருந்தது.

வேலூர்க்காரி அப்போதுதான் என்னைக் காட்டிப் பேசினாள். "அப்பா, நான் கரண்டியையே தொடலைப்பா. அவதான் செஞ்சா. நான் சும்மா நின்னேன். எப்போ தொடலாம், எப்போ கூடாதுன்னு மட்டும்தான் சொன்னேன். ஏன்னு வேணும்னா சொல்றேன், அதுதான் நான் படிக்கிறது. சத்தியமா எனக்குச் சமைக்கத் தெரியாதுப்பா."

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, பெருமை தாங்காமல் சிரித்தார்.

"பார்த்தீங்களாம்மா? எவ்வளவு அடக்கம்!"

மீதியை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், டப்பா இருந்தால் கொடு என்றார் என்னிடம். டப்பா இல்லை என்றேன். பரவாயில்லை என்று சொல்லி, சலவை மடிப்புக் கலையாத அங்கவஸ்திரத்தைப் பிரித்து அதன் முனையில் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி முடிந்துகொண்டார். வெண்ணெய்க் கறை போகாது என்று வேலூர்க்காரி மட்டும் சொன்னாள். அதற்கும் அவர் சிரித்தார். பொறுப்பான பெண்ணாம்.