முர்த்தினிக்கு வராத ஒரு சொல்

மெர்பாபு மலைச்சரிவில் முர்த்தினியின் வீட்டுக் கொட்டகையைப் பள்ளிக்கூடம் என்று சொன்னால் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். பள்ளியை உதறிய வயசுப் பிள்ளைகள் கூடி, எதைப் படிப்பதென்று தாங்களே தீர்மானிக்கிற இடம் அது. பெரியவர்கள் 'செய்', 'செய்யாதே' என்று வாய் திறக்கக் கூடாது. கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். பிள்ளைகளெல்லாம் 'இபு', அதாவது அம்மா, என்று கூப்பிடுகிற முர்த்தினி பன்னிரண்டு வருஷமாகக் கேள்வி கேட்டே ஓய்ந்து போனாள். என்ன பிழைப்போ!

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் மகள் லாராஸ் எழுந்தாள். "நான் டவுன் ஸ்கூல்ல சேரப்போறேன். யூனிஃபார்ம் போட்டு, வாத்தியார்கிட்ட திட்டு வாங்கிப் படிக்கணும்."

சொந்த மகளே போய்விட்டால் மற்ற பெற்றோர் சும்மா இருப்பார்களா? கொட்டகை காலியாகிவிடும். அதைவிட, பெற்றவளுக்கு மனசு ஆறாது.

"அவ்வளவு காலையில பஸ் கிடைக்குமான்னு யோசிச்சியா?" என்றாள் முர்த்தினி.

"இபு, இது கேள்வியே இல்ல!" தவளை ஆராய்ச்சி செய்கிற செக்கார் துள்ளினாள். "உள்ளுக்குள்ள 'போகாதே'ன்னு ஒளிச்சு வெச்சிருக்கீங்க. வெளிய போங்க!"

பெரியவர்கள் கேள்விக்குள் கட்டளையை ஒளித்தால் கூட்டத்தை விட்டு எழ வேண்டும் என்பது அங்கே வழக்கம். முர்த்தினியே கொண்டுவந்த வழக்கம்தான், யாரை நொந்துகொள்வது? அடுக்களையில் போய், புளிக்கவைத்த சோயாவில் செய்த தெம்பே வில்லைகளை வறுத்தாள். லாராஸை நுழைவுத் தேர்வுக்குத் தயார்படுத்துவதென்று எல்லாரும் ஒரே குரலில் தீர்மானித்தது காதில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் லாராஸ் வாசற்படியில் வந்து நின்றாள்.

"கோவமாம்மா?"

"அசதி."

"ஒரே ஒரு தடவை 'போகாதே'ன்னு சொல்லும்மா."

"சொன்னா இருந்துடுவியா?"

"மாட்டேன். சண்டை போட்டுட்டுப் போவேன். எல்லாப் பிள்ளைங்களையும் மாதிரியே என்னையும் விட்டுட்டியேம்மா. நான் போறது உனக்கு வலிக்குதான்னுகூட எனக்குத் தெரியல."

வலிக்கிறதாவது! நெஞ்சே பிளந்தது முர்த்தினிக்கு. கரண்டியைக் கீழே வைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். பாழாய்ப்போன பழக்கம்.

"உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டுவிட்டாள்.

லாராஸ் அவளையே பார்த்தாள். பிறகு வறுத்த தெம்பேத் தட்டை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் இருக்கிற பக்கம் போய்விட்டாள்.