பென்சிலால் போட்ட ஓட்டு

பாகூர் கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கும் முத்துசாமியின் டீக்கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அதனால் இங்கிலாந்து அரசியல் எனக்கு அத்துப்படி. நானாகத் தேடிப் போய்த் தெரிந்துகொண்டதில்லை, தன்னால் காதில் வந்து விழுந்தது. விழ வைத்தவர் மரியதாஸ் அண்ணன்.

கொம்யூன் பஞ்சாயத்தில் முப்பது வருஷம் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு ஓய்வு பெற்றவர். எதையும், யாரையும் நம்பமாட்டார். கூரியர்க்காரன் நீட்டுகிற காகிதத்தைக்கூட மூன்று தரம் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். என் கடையில் ஆதார் நகல் எடுத்தால், "மெஷினுக்குள்ள இன்னொண்ணு தங்கிச்சா பாரும்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய ஒரே மகள் லில்லி நர்ஸ் படிப்பு முடித்து, இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போனாள். அன்றிலிருந்து அந்த நாட்டையும் சேர்த்துச் சந்தேகப்பட ஆரம்பித்தார். மனைவி இறந்து வீட்டில் தனி ஆள். பொழுதுக்கும் போனில் அந்த ஊர்ச் செய்திதான் ஓடும். கேட்டதையெல்லாம் டீக்கடையில் வந்து கொட்டுவார்.

எதிர்க்கட்சி, கரும்புக்கார சாமிநாதன். சொந்த நிலத்தில் ஒரு நாள் மண்வெட்டி பிடித்ததில்லை, ஆனால் இங்கிலாந்தில் அவர் லேபர் கட்சி.

"தப்பு பண்ணா மந்திரி ராஜினாமா பண்றாம்பா அங்க. இங்க எவனாவது பண்ணுவானா?"

"ஏன் பண்றான்னு யோசிச்சியா? பெரிசா ஒண்ண மறைக்கறதுக்குத்தான் சின்னத ஒத்துக்கறான். ஒரே வருஷத்துல மூணு பிரதம மந்திரிய மாத்துனானே, இன்னா சமாச்சாரம்? எவன்னா சொன்னானா?"

"ஆஸ்பத்திரி ஃப்ரீயாச்சே!"

"ஃப்ரீதான். லில்லி பாத்துக்கற பெரியவரு இடுப்பு ஆபரேசனுக்கு ஒரு வருசமா வரிசைல நிக்கிறாரு. பெரிய டவுன்லயே குப்ப அள்ளாம எலி ஓடுது. எல்லாம் வெளிப்பூச்சுப்பா."

இப்படியே சிரிப்பும் சண்டையுமாகப் போயிருக்கும். போன மே மாதம் லில்லி ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தாள். "அப்பா, நேத்து இங்க கவுன்சில் எலக்‌ஷன். நானும் போய் ஓட்டு போட்டேன்."

முகம் இருண்டுபோய் என் கடைக்கு வந்தார். "விரல்ல மை வெக்கலியாம்மா. பென்சில்ல போட்டாளாம். பென்சில்! எவனாச்சும் அழிச்சிட்டா?"

"அது அவங்க வழக்கம்ணே" என்றேன்.

"அது கெடக்கட்டும். நம்மூர்ல பஞ்சாயத்து எலக்‌ஷன் நடந்து பத்தொம்போது வருசம் ஆச்சி. நமக்கே இல்ல. வெளியாளக் கூப்ட்டு எவன் பஞ்சாயத்து ஓட்டு குடுப்பான்? பாஸ்போர்ட்ட மாத்திக்கினா. எங்கிட்ட மறைக்கறா."

வேறு ஊர்க்காரருக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். எங்கள் புதுச்சேரியில் வெளிநாட்டு ஓட்டு என்றால் ஒரே அர்த்தம்தான். பிரெஞ்சு நேஷனாலித்தே, அதாவது குடியுரிமை வாங்கியவர்கள் அந்த ஊருக்கு ஓட்டுப் போடுவார்கள். அதற்கப்புறம் அவர்கள் இந்த நாட்டு ஆள் இல்லை. மரியதாஸின் அண்ணன் ஆண்டனி நேஷனாலித்தே உள்ள பெண்ணைக் கட்டி பிரான்சுக்குப் போனவர். தாயார் இறந்தபோது இங்கே வர அவருக்கு விசா தேவைப்பட்டது. கைக்குக் கிடைத்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து நாலு நாள். கல்லறை மேட்டு மண் காய்ந்துவிட்டிருந்தது. "ஓட்டு அங்க போச்சின்னா ஆளும் அங்கதான். நான் செத்தாலும் இவளும் விசாவுக்குத்தான் நிப்பா" என்றார் மரியதாஸ். அவருடைய பயம் அதுதான்.

காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் அங்கே குடியிருந்தால் பாஸ்போர்ட் மாற்றாமலே ஓட்டுப் போடலாம் என்று லில்லி படித்துப் படித்துச் சொன்னாள். நானும் இன்டர்நெட்டில் எடுத்துக் காட்டினேன். "அதுல எவன் வேணா எழுதுவான்" என்று எழுந்து போய்விட்டார். அன்றோடு மகளின் போனை எடுப்பதை நிறுத்தினார். அவள் என்னைக் கூப்பிட்டு, "அப்பா சாப்புடறாராக்கா?" என்று கேட்பாள். எனக்கு அந்த மனுஷன்மேல் அவ்வளவு கோபம். ஆனாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவள் வரவில்லையே, நிஜமாகவே மாறிவிட்டாளோ என்று என் மனதிலும் ஒரு முள் இருந்தது.

நவம்பரில் வாக்காளர் பட்டியலைத் திருத்த ஒரு டீச்சர் வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கிப் போனார். டிசம்பரில் வரைவுப் பட்டியல் வந்தது. லில்லி அங்கிருந்தே போனில் பார்த்துவிட்டுப் பதறிக் கூப்பிட்டாள். "அக்கா, என் பேர் இல்ல."

டீக்கடை கொதித்தது. "கட்சிக்காரன் வேலை" என்றார் சாமிநாதன். எந்தக் கட்சி என்பதில் ஆளுக்கு ஒரு பேர் சொன்னார்கள். எனக்கு டீச்சர்மேல்தான் சந்தேகம். நடுத்தெருவில் நிறுத்தி, "யார் சொல்லிப் பேர அடிச்சீங்க?" என்று சத்தம் போட்டேன். அவர் படிவக் கட்டை இடுக்கிக்கொண்டு விலகிப் போய்விட்டார். மரியதாஸ் அண்ணன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தவரை இழுத்து வந்து கடையில் உட்கார வைத்து லில்லியை வீடியோவில் கூப்பிட்டேன். வேலைச் சீருடையில் இருந்தாள். எடுத்த எடுப்பில் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"ஓட்டு போடறப்போ அடையாளம் கேட்டாங்கப்பா. இதத்தான் காட்டுனேன்."

"கிட்ட காட்டு" என்றார். நம் நாட்டுச் சிங்க முத்திரை திரை முழுக்க நின்றது. "கடைசிப் பக்கத்தப் புரட்டு."

புரட்டினாள். அப்பா பெயர் மரியதாஸ் என்றிருந்தது, கீழே பாகூர் விலாசம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மூன்று தரம் படித்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்த டீச்சர் மேல தப்பில்ல. நான்தான் சொன்னேன். எம்பொண்ணு வெளிநாட்டுக்காரி ஆயிட்டா, பேர அடிச்சிடுன்னு. கையெழுத்தும் போட்டேன்."

டீச்சரை நினைத்து எனக்கு உடம்பு கூசியது. லில்லி பாஸ்போர்ட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கள மாதிரி வந்தவங்களக் கொறைக்கணும்னு இங்க எல்லாக் கட்சியும் தெனம் பேசறாங்கப்பா. அதுக்குத்தான் போய் ஓட்டு போட்டேன். அப்பவும் இங்க எவனும் என் பேர அடிக்கல. நீ அடிச்சிட்ட." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டியூட்டிக்கு நேரமாச்சி" என்று வைத்துவிட்டாள்.

மரியதாஸ் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமிநாதன் லண்டனைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மனு எழுதும்மா" என்றார் கடைசியில். "எம்பொண்ணு இந்த ஊர்க்காரிதான், விசாரிக்காம நான் சொன்னது பொய்னு எழுது. பேரத் திரும்ப சேக்கச் சொல்லிக் கேளு."

தட்டச்சு செய்து அச்செடுத்து, படித்துப் பார்க்கட்டும் என்று அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, "எங்க போடணும்?" என்று கேட்டார்.